பொறி வராத மோட்டார்

"சீக்கிரம் சரி பண்ணிக் குடு தம்பி. இருட்டுறதுக்குள்ள என் புள்ள கிளம்பணும்."

சோக்னா காபிக் கோப்பையை சலியூவின் கையில் திணித்தாள். பேச்சில் அவசரம் இருந்ததே தவிர, முகத்தில் ஒன்றும் இல்லை.

சலியூ காபியை மணலில் வைத்துவிட்டு, கழற்றிய பிளக்கைப் படகு மோட்டாரின் உடம்போடு ஒட்டிப் பிடித்தான். இன்னொரு கையால் கயிற்றைச் சுண்டி இழுத்தான். மின்பொறி இல்லை. இரண்டாவது பிளக்கிலும் இல்லை.

"நேத்து நல்லா ஓடின மோட்டார்யா இது!" என்று கத்தினான் பீராம். நாற்பது பேரைப் படகில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருப்பவன் அவன்தான். "இன்னிக்குப் பொணமாட்டம் கெடக்கு. நீ என்னடான்னா விருந்துக்கு வந்தவன் மாதிரி காபி குடிச்சுக்கிட்டு இருக்க!"

சலியூவுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு எதுவும் வந்து ஒரு வருடம் ஆகிறது. போன வருடம் இதே கயார் கரையிலிருந்து கிளம்பிய படகின் மோட்டாரை அவன்தான் பழுது பார்த்துக் கொடுத்தான். மோட்டார் அருமையாக ஓடியது. படகைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

சோக்னாவின் மூத்த மகன் மலிக் அதில்தான் போனான். இன்று போகப்போகிறவன் இளையவன் உசேனு. அழுது பார்த்தாள், காலில் விழுந்து பார்த்தாள். "இந்தப் படகு ஒண்ணுதாம்மா, இதையும் விட்டா நான் போகவே போறதில்ல" என்று அவன் பிடிவாதமாக நின்றான். ஒரு கட்டத்தில் அவள் அழுகையை நிறுத்திவிட்டு, தாயத்து வாங்கப் போய்விட்டாள்.

"காயில் புதுசு, பிளக் புதுசு. காந்தச் சக்கரம் நல்லா இருக்கு. ஸ்டாப் பட்டனையும் பிரிச்சுத் தொடச்சுட்டேன்" என்றான் சலியூ.

"பட்டனுக்கும் ஸ்பார்க்குக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றான் பீராம்.

"பட்டன அமுக்கினா அதோட வயரு மோட்டார் உடம்புல படும். பட்டா ஸ்பார்க் செத்துடும். மோட்டார் நிக்கிறதே அப்படித்தான்."

"இத இன்னும் எத்தன பேருக்குத்தான் சொல்லுவ? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் சோக்னா. அவனுடைய பட்டறை வாசலில்தான் பல வருடங்களாக அவள் காபி விற்கிறாள்.

சலியூ மறுபடி மோட்டாரின் திறந்த மூடிக்குள் குனிந்தான். பட்டனின் வயர் உள்ளே வந்து சேரும் இணைப்பு மட்டும்தான் அவன் பார்க்காத இடம். அதன் மேல் தோலில் தைத்த தாயத்துகள், மோட்டார் உடம்பில் உரசியபடி கொத்தாகத் தொங்கின. போகிற பிள்ளைகளின் தாய்மார் ஆளுக்கொன்றாகக் கட்டியிருந்தார்கள். சும்மா விலக்கிப் பார்க்கலாமென்று கையை நீட்டினான்.

"தொடாதே!" பீராம் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "கட்டினவங்கதான் அவுக்கணும். நடுக்கடல்ல ஏதாச்சும் ஆனா நீயா பதில் சொல்லுவ?"

சலியூ கையை இழுத்துக்கொண்டான். தோலுக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று நினைத்துக்கொண்டு, காயிலையே மறுபடி கழற்றி மாட்டினான். பொறி வரவில்லை.

வெயில் சாய்ந்தது. காற்று திசை மாறத் தொடங்கியிருந்தது. மூட்டைகளோடு படகுக்கருகில் உட்கார்ந்திருந்த பையன்களில் சிலர் எழுந்து நடந்தார்கள். பீராம் தலையில் அடித்துக்கொண்டு, அவர்களைத் தடுக்க ஓடினான்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் சோக்னா.

"அவ்வளவுதான் அக்கா. இன்னிக்கு விட்டா இந்தக் காத்துல போக முடியாது. ஆளுங்க கலைஞ்சுடுவாங்க."

அவள் தலையாட்டினாள். மோட்டாரருகில் வந்து, கொத்திலிருந்து ஒரே ஒரு தாயத்தை அவிழ்த்தாள். போகாத படகில் அது எதற்கு என்று சலியூ நினைத்தான். வேறு வேலை இல்லாததால், பழக்க தோஷத்தில் பிளக்கைப் பிடித்துக் கயிற்றை ஒருமுறை இழுத்தான்.

சட்டென்று நீலமாக ஒரு பொறி தெறித்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையிலிருந்த தாயத்தின் தோல் கயிறு ஒரு முனையில் லேசாகப் பிரிந்திருந்தது. உள்ளே வைத்துத் தைத்திருந்த செப்புக் கம்பி மாலை வெயிலில் பளபளத்தது. சோக்னா அதை உள்ளங்கைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"சலியூ!" பீராம் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஆளுங்கள நிறுத்தி வெச்சிருக்கேன். காத்து முழுசாத் திரும்பல. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன், கடைசியா ஒரே ஒரு தடவ பாத்துடு!"

சலியூவின் நெஞ்சுக்குள் என்னவோ வலித்தது. ஒரு வருடத்தில் இதுதான் முதல் வலி. அவன் பிளக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சோக்னாவைப் பார்த்துக் கடுமையாகச் சொன்னான்:

"என்னக்கா நீங்க, படகு கெளம்பறதுக்கு முன்னாடி தாயத்த அவுக்கலாமா? இருந்த எடத்துலயே நல்லா இறுக்கிக் கட்டுங்க!"