பேச்சில்லாத வீட்டில் பாஸ்வேர்டு

டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் மின்விசிறியிடம் கேட்டார்.

“இந்த வீட்டு வைஃபை பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?”

மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றியது. எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பேச்சு நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. காரணம் அவருடைய வாய்தான். மச்சான் வீட்டுக்குப் போன இடத்தில், மனைவி காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்த்து, “இவ வண்டி எடுத்தா சுவரெல்லாம் ஒதுங்கி வழி விடும்” என்றார். நல்ல நகைச்சுவை என்றே இன்றைக்கும் நினைக்கிறார். மச்சான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. புருஷன் கேலி செய்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். கூடப் பிறந்த தம்பி சிரித்ததை மன்னிக்கவில்லை. அந்தக் கணக்கும் இவர் தலையில்தான் விழுந்தது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் பொருள்களோடுதான். அவள் ஃபிரிட்ஜிடம் “பால் தீர்ந்துபோச்சு” என்பாள். அவர் செருப்பிடம் “வாங்கிட்டு வரேன்” என்பார். பால் வந்துவிடும். யாரும் யாரிடமும் பேசியதாகக் கணக்கில்லை. காலையில் காப்பி மேசைக்கு வந்து சேரும் சத்தத்தை வைத்து அன்றைய கோபத்தின் அளவை அவர் தெரிந்துகொள்வார். இன்று பாதி காப்பி மேசையில் சிந்திக் கிடந்தது.

தூது போய்க்கொண்டிருந்த மகளும் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது தன் பழைய டேப்லெட்டை, உள்ளே இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டு, “ரெண்டு பேரும் இத வச்சு எதையாவது பாருங்க, என்னை விட்டுடுங்க” என்று மேசையில் போட்டுவிட்டுப் போனாள்.

அதுதான் இப்போது அவர் மடியில் இருந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

வைஃபைப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பாஸ்வேர்டு வைத்தவள் மனைவி. அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் வேலை முடிந்தது. ஆனால் கேட்டவர் தோற்றவர். முதலில் வாய் திறந்தவர்தான் தப்புச் செய்தவர் என்பது அந்த வீட்டுச் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அமலில் இருக்கிறது. எந்தச் சண்டையும் இவ்வளவு நாள் இழுத்ததில்லை. அவர் விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டி. இப்படியே போனால் மிச்சக் காலத்துக்கும் ஃபிரிட்ஜோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோல, எழுத்து எழுத்தாகத் தட்டினார். மகள் பெயர். தவறு என்றது. தன் பெயர். அதுவும் தவறு.

“நம்ம பேரு இருக்காதுன்னு தெரிஞ்ச விஷயம்தானே,” என்றார் மின்விசிறியிடம். “ஒருவேளை மச்சான் பேரா இருக்குமோ?”

அவள் தலையணை உறையை உதறினாள். யாரையோ அறைந்த மாதிரிச் சத்தம் வந்தது.

“எங்க வீட்டு ஆளுங்க பேரை யாரும் இழுக்க வேண்டாம்,” என்றாள் உறையிடம்.

மச்சான் பெயரையே அடித்தார். தவறு. மாமியார் பெயர். தவறு. டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுந்துபோய் வைஃபைப் பெட்டியின் மண்டையில், பழைய ரேடியோவைத் தட்டுவதுபோல, இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு டேப்லெட்டை அதன் முன்னால் தூக்கிப் பிடித்தபடி நின்றார், குழந்தைக்கு நிலா காட்டுகிறவர் மாதிரி.

அவளால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும். ஒரு வேலையை ஒருத்தர் கண்ணெதிரே தப்பும் தவறுமாகச் செய்வதை மட்டும் முடியாது. மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பெட்டியின் பின்பக்க வயரைப் பிடுங்கக் குனிந்தார்.

“ஐயோ, குடுங்க இங்க!”

துண்டிடம் இல்லை. தலையணை உறையிடம் இல்லை. அவரிடம்.

டேப்லெட்டைப் பறித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பார்க்காதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் அடித்தாள். வைஃபை வந்துவிட்டது.

“இதுகூடத் தெரியல. இதுல என் வண்டியப் பத்திப் பேச்சு வேற.”

“தப்புத்தான்,” என்றார்.

எது தப்பு என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்தவர், தேள் கொட்டியவர்போல எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாடிக்கையாளர் ஒருவர். வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டதாம்.

“அது ஒண்ணுமே இல்ல சார்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “பெட்டிக்குப் பின்னாடி குட்டியா ஒரு ஓட்டை இருக்கும். ஊசிய விட்டுக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. பழசெல்லாம் அழிஞ்சுடும். அப்புறம் புதுசா வச்சுக்கலாம்.”

அந்தத் தெருவில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு வைஃபை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். மகளின் படிப்புவரை எல்லாம் அந்த வருமானத்தில்தான் ஓடுகிறது.

கதவைத் திறந்து உள்ளே வந்தார். மனைவி டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“யாரு, பாஸ்வேர்டு மறந்துட்டாங்களாமா?”

“ஆமா.”

“ஏன், அவங்க வீட்லயும் சண்டையா?”