பத்து மணிக் கையெழுத்து

“அந்தம்மாவைப் பத்தி இன்னிக்கு மேடையில சொல்லத்தான் போறேன். நீ தடுக்காதே.”

“இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னுமா மனசுல வெச்சிருக்கே?”

“எப்படி மறக்கும்? ஜாமீன்ல வந்தவ மாதிரி தினம் பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவ நான்.”

அவள் இப்போது பெரிய மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். கூட நடந்தவன் ஒரே விமானத்தில் அவளோடு படிக்க வந்தவன். பட்டப்பெயர் ‘வரைபடம்’. அந்தக் காலத்தில் எங்கே கிளம்பினாலும் கையில் வரைபடத்தோடு முன்னால் நடப்பான். தவறாமல் வேறு எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

பொன்விழாவுக்குக் கல்லூரி இருவரையும் அழைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து படித்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் நினைவுகளை வாசிக்க வேண்டும்.

விடுதி அப்படியே இருந்தது. நிலவறையில் துணி துவைக்கும் மெஷினில் அதே லொடலொட சத்தம். மூன்றாம் மாடியில் கடைசிக்கு முந்தின கதவு அவளுடையது. ஒரு நிமிடம் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மியூசியம்னு சொல்லி எங்களை பஸ் டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?”

“வீட்டுக்கு எழுதின லெட்டர்ல அதை மியூசியம்னுதான் எழுதினேன். எங்கம்மா இன்னிக்கும் நம்பிட்டிருக்காங்க.”

சிரித்துக்கொண்டே அரங்கத்து வாசலுக்கு வந்தவள் சட்டென்று நின்றாள்.

முதல் வரிசையில் அந்தம்மா. தலை பஞ்சாய் வெளுத்து, கையில் ஊன்றுகோல். முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“அப்போ எங்கப்பா போய் ரெண்டு வாரம்கூட ஆகலை,” என்றாள் அவள். “காரியத்துக்குக்கூட ஊருக்குப் போக முடியாம ரூம்ல சுருண்டு கிடந்தேன். கதவைத் தட்டி, ‘நாளையிலேர்ந்து பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணும். வெளிநாட்டுக்காரங்களுக்குப் புது விதி’ன்னு சொல்லிட்டுப் போச்சு. கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாம்? போனா சும்மா விடுமா? என்ன சாப்பிட்டே, எப்பத் தூங்கினே, இன்னிக்கு என்ன கிளாஸ்... போலீஸ் விசாரணை தோத்துது போ! நம்ம எல்லாரையும் திருடங்க மாதிரி...”

“நம்ம எல்லாரையுமா? நான் ஒருநாளும் போட்டதில்லையே. உனக்கு மட்டும் ஏதோ விசா சிக்கல்னு நினைச்சிருந்தேன்.”

“விளையாடாதே.”

“சத்தியமா. அப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை.”

அவளுக்கு முகம் சிவந்தது.

“அப்ப நான் ஒருத்திதான் ஏமாந்த சோணகிரியா? இருக்கட்டும். அந்த ரிஜிஸ்டரைக் கையிலேயே எடுத்துட்டுப் போய், எல்லார் முன்னாலயும் கேக்கறேன்.”

வராந்தாவில் ஒரு நீள மேஜை மேல் பழைய அடையாள அட்டைகள், ரப்பர் ஸ்டாம்புகள், சாவிக்கொத்துகள் எல்லாம் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்த அலுவலகத்தின் இப்போதைய கிளார்க், இளம்பெண்.

“வெளிநாட்டு மாணவர்கள் தினம் கையெழுத்துப் போடற ரிஜிஸ்டர் எங்க?”

“தினமுமா? அப்படி ஒரு வழக்கம் என்னிக்குமே இருந்ததில்லைங்க. பழைய விதி அத்தனையும் போன மாசம் நான்தான் எடுத்து அடுக்கினேன்.” அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “ஒரு நோட்டு மட்டும் அடி டிராயர்ல கிடைச்சுது. யாரோடதுன்னு தெரியலை. அதுல இருக்கற கையெழுத்து என்ன மொழின்னே எங்களுக்குப் புரியலை.”

அந்தப் பெண் எடுத்து நீட்டியது சாதாரண நீல அட்டை நோட்டு. கல்லூரி முத்திரை இல்லை, எண் இல்லை.

அவள் வாங்கித் திறந்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து. அவளுடைய தமிழ்க் கையெழுத்து. ‘உன் எழுத்திலேயே போடு’ என்று அந்தம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. முதல் பக்கங்களில் எழுத்துகள் தள்ளாடின. போகப் போக நிமிர்ந்து நின்றன.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஊர் மொழி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. படித்தாள்.

‘பதின்மூன்று நாள் கழித்து இன்றுதான் அறையை விட்டு வெளியே வந்தாள். விதி என்று சொன்னதை நம்பிவிட்டாள்.’

‘காலையில் சாப்பிடவில்லை. என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன்.’

‘படிப்பை விட்டுப் போகிறேன் என்றாள். அதற்கான படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்று சொல்லி அனுப்பினேன்.’

‘விடுமுறை. அவளுக்காக மட்டும் அலுவலகத்தைத் திறந்தேன்.’

உள்ளே ஒலிபெருக்கி அவளை மேடைக்கு அழைத்தது.

“போ, உன்னைத்தான் கூப்பிடறாங்க,” என்றான் வரைபடம்.

மேடையில் வாசிக்க எழுதி வந்திருந்த தாள்களை அவள் நான்காய், எட்டாய் மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

‘இன்று மேஜையைத் தட்டி என்னோடு சண்டை போட்டாள். முகத்தில் உயிர் வந்துவிட்டது. இனி என்னைத் திட்டிக்கொண்டே பிழைத்துக்கொள்வாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.’