கூடார முளைகள்

மலைப்பாதையின் வளைவில் இளைஞர் குழு மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறது. மரங்களின் ஊடே சாய்ந்து விழும் வெயிலில், வியர்த்து நனைந்த சட்டைகளிலிருந்து மெல்ல ஆவி கிளம்புகிறது. எல்லோரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் சிட்டு வந்து சேர்கிறாள். அவள் முதுகுப் பையை இறக்கும்போது உள்ளே இரும்பு மோதும் சத்தம் மெல்லக் கேட்கிறது. அவள் தோழி நெட்டைக்குச் சுருக்கென்கிறது. பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடுகிறாள். காலையில் சிட்டு பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து, தன் பங்குச் சுமையாக வந்த கூடார முளைகளை அந்தப் பையின் அடியில் செருகியவள் நெட்டைதான். "என்னாலதான் எல்லாருக்கும் லேட்டாகுது. ஊருக்குப் போனதும் தினம் ஓடிப் பழகணும்டி," என்கிறாள் சிட்டு. வார் அழுத்திய தோள் கன்றிச் சிவந்திருக்கிறது. குழுத் தலைவன் கிளம்பச் சொல்லி விசில் ஊதுகிறான். "பையைக் கொஞ்சம் தூக்கி விடுறியா?" என்று கேட்கிறாள் சிட்டு. நெட்டை குனிந்து தூக்குகிறாள். நேற்றெல்லாம் தன் முதுகில் இருந்த கனம், கைக்கு நன்றாகத் தெரிகிறது. "நீ மட்டும் கூட இல்லேன்னா நேத்தே திரும்பியிருப்பேன்," என்றபடி சிட்டு தோளைக் கொடுக்கிறாள். நெட்டை வாரை இறுக்கி விடுகிறாள்.