ஞானதிரவியத்தின் குரலில் குடும்ப ஜெபம்

சகல விசுவாசக் குடும்பங்களுக்கும் திருச்சபை அறிவித்தது: இனி வீட்டுத் தலைவர் முழங்கால் நோக ஜெபிக்க வேண்டியதில்லை, சபை தரும் ஜெபக் கருவி அவர் குரலிலேயே கண்ணீரோடு ஜெபிக்கும்.

அன்றிலிருந்து ஞானதிரவியம் சோபாவில் சாய்ந்து, கருவியில் கேட்கும் தன் உருக்கத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மனைவி ரூபவதிக்கு இருதயத்தில் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் கருவிகளுக்கு அனுமதியில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் அவர் கையைப் பிடித்தாள்.

"பயமா இருக்குங்க. நீங்களே ஒரு ஜெபம் பண்ணுங்க. மிஷின் மாதிரி அழ வேண்டாம், சுருக்கமா போதும்."

அவர் கண்ணை மூடினார். மனசுக்குள் ஒரு ஜெபத்தைத் தேடினார். ஞாயிறு பள்ளியில் படித்த ஒன்றுதான் கடைசியில் அகப்பட்டது.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்."

"ஆமென்" என்றாள் ரூபவதி. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷனுக்காக அவளை முந்தின நாளிலிருந்தே பட்டினி போட்டிருந்தார்கள்.