வாலக்கா

நீல மழைக்கோட்டுக்காரர் நான்காவது தடவையாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். மனுஷனுக்கு மூச்சு வாங்குகிறது, ஒத்துக்கொள்ளத்தான் வெட்கம் என்று வாலக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவளும் இரண்டடி பின்னால் குனிந்து, நன்றாக இறுகியிருந்த தன் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்தப் பட்டப்பெயர் ரன்னிங் கிளப்பில் வைத்தது. மாதம் ஒரு ஞாயிறு காலையில் அவர்கள் நடத்தும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில், கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் கிளப் ஆள் ஒருவர் வர வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் 'வால்'. வால் வந்து சேர்ந்தால்தான் மற்றவர்கள் கடையைக் கட்டலாம்.

வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து, "அடுத்தது யாருங்க" என்று கேட்டே தொண்டை வறண்டவள் அவள். யாரையும் அதட்டாமல் எல்லாருக்கும் பின்னால் நிதானமாக வருகிற இந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். போன மாதம் எப்படியோ ஒருவரைத் தவறவிட்டுவிட்டாள். அவர் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லைக்கோட்டையே சுருட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, உங்களை டம்ளர் கழுவப் போட்டுடுவேன்," என்று கிளப் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், அதட்டித்தான் பழக்கம். அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகையால் இன்று இந்த நீலக் கோட்டுக்காரரை விடுவதாக இல்லை. ஆள் புதுமுகம் வேறு.

"அவசரமே இல்ல சார். மெதுவா வாங்க."

"எனக்கென்ன மேடம், நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்."

"அதெப்படி சார், உங்களை விட்டுட்டுப் போவேனா?"

"நான் மட்டும் உங்களை விட்டுட்டுப் போயிடுவேனா?"

எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். தூறல் நிற்கவில்லை. இருவரும் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்தார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார், அவளும் குறைத்தாள். அவர் நின்றார், அவளும் நின்று ஏரியை ரசித்தாள். அந்த ஏரியில் ரசிக்க ஒன்றும் கிடையாது.

இவர்கள் நின்றதில், குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி பின்னால் வந்த ஒருவரும் நிற்க வேண்டியதாயிற்று. பாதை அவ்வளவு குறுகல்.

"ஐயா, நீங்க போங்க," என்று வாலக்கா ஒதுங்கினாள்.

"பரவால்லம்மா, நீங்க போங்க. நான் மெதுவாத்தான் வருவேன்," என்று குடைக்குள்ளிருந்தே பதில் வந்தது. காலையில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு என்ன நிம்மதியான பிழைப்பு என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒருவழியாக எல்லைக்கோடு வந்தது. அதற்கு ஓரடி முன்னால் நீலக் கோட்டுக்காரர் நின்றுவிட்டார். வாலக்காவும் நின்றாள்.

"தாண்டுங்க சார். ஒரே ஒரு அடி."

"நீங்க தாண்டுங்க மேடம். பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

"நீங்க தாண்டாம நான் தாண்டக் கூடாது சார். என்னை டம்ளர் கழுவ விட்டுடுவாங்க."

"என்னை மட்டும் சும்மா விடுவாங்களா?"

ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்திருந்த தலைவரின் மனைவி பொறுமை இழந்துவிட்டாள். "நாப்பத்தொரு பேர் கிளம்பினாங்க. நாப்பது பேர் வந்தாச்சு. பாக்கி ஒருத்தர் யாரா இருந்தாலும் சீக்கிரம் தாண்டுங்க, என் கட்டைவிரல் மரத்துப்போச்சு."

வாலக்கா நீலக் கோட்டுக்காரரைக் காட்டினாள். அதே நொடியில் அவர் வாலக்காவைக் காட்டினார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோட்டின் ஜிப்பைச் சர்ரென்று இறக்கினாள். உள்ளே ஆரஞ்சுப் பனியன், நெஞ்சில் பெரிய எழுத்தில் 'வால்'. அவரும் தன் ஜிப்பை இறக்கினார். அதே ஆரஞ்சு, அதே 'வால்'.

எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நெளிந்தார்.

"போன மாசம் மாதிரி ஆயிடக் கூடாதேன்னு, பாதுகாப்புக்கு இன்னொரு வாலையும் போட்டு வெச்சேன். எல்லாருக்கும் பின்னாடி வாங்கன்னுதான் இவர்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

அவளை நம்பாமல் அவளுக்கே ஒரு வால் வைத்திருக்கிறார்கள். வாலக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இந்தத் தடவை தன் பக்கம் தப்பில்லை என்கிற தைரியத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"நான் என் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சேன். எனக்குப் பின்னாடி ஒருத்தரையும் விடல. அந்த நாப்பத்தொண்ணாவது ஆள் எங்கேன்னு இனிமே நீங்கதான் தேடணும்."

அவள் முதுகுக்குப் பின்னால் குடை ஒன்று மடங்கியது.

"கொஞ்சம் நகருங்கம்மா, நான் ஓடி முடிச்சுடறேன்."