சர்வரில் மட்டும் தப்பு

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் ஓடுது மாமா," என்றார் மாப்பிள்ளை, காலையிலிருந்து எத்தனையாவது தடவையாகவோ.

"அப்ப ஒவ்வொரு கடையிலயும் உங்க கம்ப்யூட்டரோட நீங்களே போய் உக்காந்துக்கங்க," என்றார் மாமனார்.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு சங்கடம், முதலாளியிடம் திட்டு வாங்கினால் வீட்டுக்குப் போய்த் தப்பித்துவிட முடியாது. வீடு மாடியில், கம்பெனி கீழே. மளிகைக் கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. மாப்பிள்ளை எழுதுவார். மூக்கு நுனியில் கனத்த கண்ணாடி தொங்குவதால் பூதக்கண்ணாடி என்று பெயர் வாங்கிய பெண் அதைச் சோதிப்பார். மாமனார் இருவரையும் திட்டுவார். சுவரில் 'கடுகளவும் பிசகாது' என்று பெரிதாக எழுதியிருந்தது.

எழுதியது எதுவானாலும் மூலையில் இருக்கும் சர்வரில் தேறினால்தான் வெளியே போகும். சர்வர் தானாகவே கற்பனைத் தட்டில் கற்பனைச் சர்க்கரையை வைத்து, எதிர்பார்த்த எடை வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. பழைய சர்வர் போன வாரம் மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக வந்ததற்கு மாமனாரே 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் சூட்டி, எல்லாச் சோதனையும் அந்தப் பெயரிலேயே ஓடும்படி செய்துவிட்டார். "ஒரு பய தப்பும் இது கண்ணுல இருந்து தப்பாது" என்று பெருமை வேறு.

அது வந்த நாளிலிருந்துதான் சனி பிடித்தது. மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் பச்சை. பூதக்கண்ணாடியின் கம்ப்யூட்டரிலும் பச்சை. சர்வரில் மட்டும் சிவப்பு: 'எடை எதிர்பார்த்தபடி இல்லை.' புது மென்பொருளுக்காகத் தராசுப் பெட்டிகள் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன. சாயங்காலம் வண்டி வந்துவிடும்.

மாப்பிள்ளை வயரை மாற்றினார். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். சர்வருக்கு இடம் பிடிக்கவில்லையோ என்னவோ என்று, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் காற்றாட வைத்துப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்துவதே தேவலை. "போன வாரம் என் தம்பியோட டீ குடிச்சீங்களாமே."

போட்டிக் கம்பெனி அந்தத் தம்பியுடையது. "வழியில பாத்து கூப்பிட்டாரு மாமா. சின்ன மாமனாராச்சே, எப்படி வேண்டாங்கறது?"

"எவனோ உள்ள புகுந்து எடையில கை வச்சிருக்கான். இல்லேன்னா உள்ள இருக்கிறவனே வச்சிருக்கான். சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா நீங்க உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுங்க. என் பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

சொன்னதோடு நிற்காமல், பரணில் கிடந்த சூட்கேஸை இறக்கிக்கொண்டு வந்து சர்வர் பக்கத்தில் வைத்தார். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது மனைவிமார் சமாச்சாரம் என்றே நினைத்திருந்த மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து மனைவியைப் பிரிந்து ஒரு நாள்கூட இருந்ததில்லை அவர்.

சத்தம் கேட்டு மாமியார் படியில் பாதி இறங்கி வந்தார். "என்னவாம்?"

"எங்க ரெண்டு பேர் கிட்டயும் சரியாத்தான் இருக்கு அத்தை. சர்வர் கிட்ட போனா மட்டும் எடை மாறிடுது."

"வழியில எடுத்துத் தின்னிருப்பான். முதல்ல அந்த ஓட்டலை மாத்துங்க. இல்லேன்னா போலீஸ்ல சொல்லுங்க."

"போலீஸ் வேண்டாம்," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

"குடும்ப மானம் பாரு," என்று மாமனார் சேர்த்துக்கொண்டார்.

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குப் போனார். பூதக்கண்ணாடி தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சர்வரின் நெற்றியில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சார், தேடித் தேடி இந்தப் பேரைத்தான் வைக்கணுமா?"

"ஏம்மா, கம்பீரமா இல்லையா?"

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய் 'இன்ஸ்பெக்டர்' என்பதை அழித்துவிட்டு, வாயில் வந்த 'மச்சான்' என்ற பெயரை வைத்தார். மறுபடியும் சோதனையை ஓடவிட்டார். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சை.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் நம்ம எடை. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை," என்று சொல்லி, சூட்கேஸைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

'இன்ஸ்பெக்டர்' என்ற பெயரில் யார் சோதித்தாலும் உண்மை எடையைச் சொல்லும்படி மாப்பிள்ளை பழக்கி வைத்திருந்த தராசு, மச்சானைக் கண்டதும் பழையபடி தொள்ளாயிரம் கிராம் சர்க்கரையை ஒரு கிலோ என்று காட்டியது.