பதினோராவது ஆள்

“ஜிடான். தொண்ணூத்தெட்டுல இருந்த ஜிடான்,” என்றார் உசேன்.

அமுதவல்லி தலையசைத்தாள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் அவருடைய முகம். அந்தப் பக்கம், திறந்திருந்த அவருடைய மண்டை.

அவர் விழித்திருந்தார். விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மூளையில் கட்டி வளர்ந்திருந்த இடம் அப்படி. பேச்சுக்கான பகுதியை ஒட்டியே உட்கார்ந்திருந்தது.

டாக்டர் பாக்கியலட்சுமி லேசாக மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பியால் ஒவ்வொரு இடமாகத் தொடுவார். தொடும்போது பேச்சு குழறினாலோ மாறிப்போனாலோ அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். சரியாக இருந்தால் வெட்டலாம்.

சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வது அமுதவல்லியின் வேலை. வாய் திரும்பாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பழகியவள்தான். ஆனால் திறந்த மண்டைக்கு முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை.

பூனை, குடை, சாவி என்று படங்களைக் காட்டிப் பெயர் கேட்பது வழக்கம். உழவர்கரையில் செருப்புக்கடை வைத்திருக்கும் உசேன், முந்தின நாள் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இதெல்லாம் தூக்கத்துலயே சொல்லிடுவேன் மேடம். ஃபுட்பால்ல கேளுங்க.”

அப்படித்தான் முடிவானது. ஆட்டத்தை விட்டுப் போனவர்களாகப் பார்த்து ஒரு டீம் கட்ட வேண்டும். ஒவ்வொருவரையும் அவர் உச்சத்தில் இருந்த வருடத்திலிருந்து இழுத்துவர வேண்டும். பெயர், வருடம், ஏன் அவர்.

ஒத்திகையில் உசேன் சொன்ன பதினோரு பேரையும் அமுதவல்லி மனப்பாடம் செய்திருந்தாள். கால்பந்தில் அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கோல்கீப்பர் யாஷின் முதலிலேயே வந்துவிட்டார். பின்வரிசை நால்வரும் பிசகாமல் வந்தார்கள்.

“அடுத்தது?”

“மர... மர...”

அமுதவல்லி கையைத் தூக்கினாள்; டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. கம்பி விலகியது.

“...டோனா. எண்பத்தாறு,” என்றார் உசேன். நெற்றியில் வேர்த்திருந்தது.

டாக்டர் அந்த இடத்தில் எண் போட்ட சிறு காகிதத்துண்டு ஒன்றை வைத்தார். இனி அங்கே கத்தி போகாது.

ஒவ்வொருவராக வந்து பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். மிச்சம் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்டு ஒருவர். நேற்று ஒத்திகையில் அந்த இடத்துக்கு அவர் சொன்னது வான் பாஸ்டன்.

கம்பி கட்டியின் கடைசித் துண்டின்மேல் நின்றது.

“கடைசி ஆளச் சொல்லுங்க பாய்.”

“கனீஸ் பாத்திமா,” என்றார் உசேன்.

அமுதவல்லி சட்டென்று கையைத் தூக்கினாள். அது வெளியே காத்திருக்கும் அவருடைய மனைவியின் பெயர்.

“நிறுத்தணுமா அமுதா?” என்று டாக்டர் கேட்டார். “இத விட்டா திரும்ப வளரும். தப்பா எடுத்தா பேச்சு போயிடும். பார்த்துச் சொல்லு.”

அமுதவல்லி குனிந்து உசேனின் கண்ணைப் பார்த்தாள். “ஃபார்வர்டு கேட்டேன் பாய்.”

“தெரிஞ்சேதான் மேடம் சொல்றேன். ரெண்டாயிரத்து ஒன்பது. உப்பளம் கிரவுண்டு. இடது கால்ல ஒண்ணு அடிச்சா பாருங்க... நான் லைன்ல கொடி பிடிச்சிக்கினு நின்னேன். ஆஃப்சைடு, கோல் செல்லாது. கொடியத் தூக்கவே மறந்துட்டேன்.”

“நேத்து சொல்லலையே?”

“நேத்து அவ பக்கத்துல இருந்தாளே.”

வார்த்தை குழறவில்லை. கண்ணும் அலையவில்லை. ஆனால் நேற்று கட்டிலருகே சாத்துக்குடி உரித்துக்கொண்டே கனீஸ் பாத்திமா சொன்னது அமுதவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது. “எனக்குப் பந்தப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. டிவியில ஓடினா நான் உள்ள எழுந்து போயிடுவேன்.”

கணவனும் மனைவியும் சொல்வது இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை.

தூக்கிய கையை இறக்காமலே நர்ஸ் கமலாவை அழைத்தாள். “வெளிய அவர் வீட்டம்மா இருக்காங்க. சின்ன வயசுல ஃபுட்பால் ஆடினாங்களான்னு மட்டும் கேட்டுட்டு ஓடி வா.”

கதவு ஆடி நின்றது.

உசேன் பேசிக்கொண்டேயிருந்தார். ரெட்டைப் பின்னல் முதுகில் அடிக்க அடிக்க அவள் ஓடியதைச் சொன்னார். ஷூ ஒன்றில் சிவப்புக் கயிறும் இன்னொன்றில் வெள்ளைக் கயிறும் கட்டியிருந்ததைச் சொன்னார். விவரம் கூடக் கூட அமுதவல்லிக்குப் பயம் கூடியது. பிசகிய மூளையும் நடக்காத ஒன்றை இப்படித்தான் அச்சு அசலாகச் சொல்லும் என்று அவள் படித்திருக்கிறாள்.

அவருடைய இதயத் துடிப்பை மெஷின் ஒலித்துக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்த டாக்டரின் கை அசையாமல் காத்திருந்தது.

கமலா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“ஆடினாங்களாமா?”

“ஆமான்னு சொல்லல மேடம். இல்லன்னும் சொல்லல.” உசேனுக்குக் கேட்காதபடி கமலா குரலைத் தாழ்த்தினாள். “கேட்டதும் செவுத்தப் பிடிச்சிக்கினு அப்படியே உக்காந்துட்டாங்க. ‘அது அவருக்குத் தெரியுமா?’ன்னு கேட்டாங்க.”

அமுதவல்லி கையை இறக்கினாள்.

“எடுக்கலாம் டாக்டர்,” என்றாள்.